இரண்டு ஜோடி மிதியடி

துமாசி காலுறை இல்லாமல் வாசலைத் தாண்டியதே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், கோல்ட் கோஸ்ட்டின் கொக்கோக் காட்டுப் புழுக்கத்தில், முழங்கால் வரை கம்பளிக் காலுறையும் பளபளக்கும் ஷூவுமாக நடந்த கறுப்பு மனிதன் அந்த ஜில்லாவிலேயே அவன் ஒருவன்தான். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, இனி ஆப்பிரிக்கர்களும் ஆட்சியில் பங்கெடுக்கலாம் என்று அரசாங்கம் பெரிய மனது பண்ணியபோது, பொறுக்கியெடுத்த சிலரில் அவனும் சேர்ந்துவிட்டான். உதவி ஜில்லா துரை. வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் மேட்டில் அவனுக்கும் ஒரு பங்களா. கீழே சந்தையில் கிழங்கு விற்கும் பெண்கள் அவன் கார் வருவதைப் பார்த்தால், "கறுப்புத் துரை வர்றாருடி, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தபடியே சிரிப்பார்கள்.

அவன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவன் கவலை வேறு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைநகர் அக்ராவிலிருந்து உத்தரவு வரவேண்டும். அது வருவதும் வராததும் ஜில்லா துரை பென்ரோஸின் வாயில் இருந்தது. "ஆள் தேறுவான்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆயுசுக்கும் நாற்காலி. சொல்லாவிட்டால் பழையபடி மிஷன் பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்கப் போகவேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் என்ன செய்தான் என்பதுதான் கதை. சொல்லவே கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பென்ரோஸுக்கு அந்த வருஷம் தீராத தலைவலியாக வந்து வாய்த்த ஊர் அன்டோக்ரோம். கொக்கோ மரங்களுக்குத் தண்டு வீங்கும் நோய் வந்திருந்தது. நோய் கண்ட மரத்தையும் அதைச் சுற்றி நிற்பவற்றையும் வெட்டிச் சாய்த்தால்தான் மற்றவை பிழைக்கும் என்று விவசாய இலாகா சொன்னது. அதில் பொய் இல்லை. ஆனால் நோய் கண்ட மரமும் இன்னும் சில வருஷம் காய்க்குமே. காய்க்கிற மரத்தை எவன் வெட்டக் கொடுப்பான்? ஊரில் தண்டோரா போடச் சொல்லி ஆளனுப்பினார்கள். அன்டோக்ரோமின் தலைவர் அப்பியா, ஊர் வழக்கப்படி மரியாதையாக நானா அப்பியா, "தண்டோராக்காரனுக்குக் கை வலியாம்" என்று பதில் சொல்லி அனுப்பினார். மரம் வெட்டப் போன கூலிகளைப் பெண்கள் உலக்கையோடு வந்து விரட்டினார்கள்.

அரசாங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்பியா இனி தலைவரல்ல என்று அறிவித்தது. அறிவித்ததோடு சரி. ஊர் தன் வழக்கை எடுத்துக்கொண்டு அவரிடமேதான் போயிற்று, அவருக்கேதான் குடை பிடித்தது. அரசாங்கம் புதுத் தலைவராக அனுப்பிய ஆளின் பின்னாலேயே கேலியாகக் கைதட்டிப் பாடிக்கொண்டு ஊரே சுற்றி வந்தது. அவன் வந்த லாரியிலேயே ஏறித் திரும்பிவிட்டான்.

"என்ன ஜனங்கய்யா இது?" என்றார் பென்ரோஸ், ஆபீசில் காலை மேஜைமேல் போட்டபடி. "கவர்னர் கையெழுத்துப் போட்டு நீக்கியாச்சு. அந்தக் கிழவன் இன்னும் குடைக்கடியில ஜம்முன்னு உக்காந்திருக்கான்."

துமாசிக்கு அங்கே வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் அரிப்பு அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு.

"கையெழுத்து அவரை ஒண்ணும் செய்யாது சார். எங்க பக்கம் தலைவரோட வெறும் பாதம் மண்ணுல படக் கூடாது. பட்டா அந்த நிமிஷமே அவர் தலைவர் இல்ல. மிதியடியைக் கழட்டிப் பாதத்தைத் தரையில வைக்கணும். அப்புறம் குடை பிடிக்க ஒருத்தன் வரமாட்டான்."

பென்ரோஸ் காலைக் கீழே இறக்கினார். "இவ்வளவுதானா? ஒரு போலீஸ்காரனை அனுப்பினா முடிஞ்சுது."

"போலீஸ்காரன் கழட்டினா செல்லாது சார். திருடன் கழட்டின மாதிரி. கழுவிட்டுத் திரும்பப் போட்டுடுவாங்க. பீடத்துக்கு உரிமைப்பட்ட குடும்பத்து ஆள் கழட்டணும்."

"அந்தக் குடும்பத்துல உனக்கு யாரையாச்சும் தெரியுமா?"

துமாசி தன் ஷூ முனையைப் பார்த்தான். "நானா அப்பியா எங்க அம்மாவோட அண்ணன் சார்."

பென்ரோஸ் சிரித்தார். தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார் என்று துமாசிக்கு அப்போதுதான் உறைத்தது.

"வெள்ளிக்கிழமை உன்னைப் பத்தி அக்ராவுக்கு எழுதணும். சொந்த ஜனங்களை ஒரு ஆப்பிரிக்கனால கட்டி மேய்க்க முடியுமான்னு அங்க எல்லாரும் கேக்கறாங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஒன்றை மட்டும் துமாசி சொல்லாமல் விட்டான். மிதியடியைத் தொடும் முன் பெரியவர்கள் கூட வேண்டும். குற்றம் என்ன என்று தலைவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர் பதிலைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அன்டோக்ரோமில் ஒரு நாக்குகூட அப்பியாவுக்கு எதிராகப் பேசாது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அந்தப் பகுதியை விழுங்கிவிட்டான்.

அந்த மிதியடியைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மாமா பீடம் ஏறிய புதிதில், துமாசி அரைஞாண் கயிற்றோடு திரிந்த பையன். ஒருநாள் மத்தியானம் மாமா பீடத்தில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தபோது, கழன்றிருந்த மிதியடிகளைக் கொண்டுபோய்க் கோழிக் கூண்டில் ஒளித்துவைத்துவிட்டான். மாமா விழித்துப் பார்த்தார். பாதம் நல்லவேளையாக ஆட்டுத்தோல் விரிப்பில் இருந்தது. அதைச் சுற்றிலும் மண். பீடமோ குறுகல், காலை மடக்கி உட்கார இடம் போதாது. கோழிக் கூண்டிலிருந்து மிதியடி வந்து சேரும்வரை அவர் அந்தத் தோல்மேல் அசையாமல் இருந்தார். செர்வா, துமாசியின் அம்மா, மகனை வெளுத்து வாங்கினாள். மாமா அவளைத் தடுத்து அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மருமகனே, என் உசுரு உள்ளங்காலுக்கு அடியில இருக்குடா. உனக்கு மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாத."

அந்த ஊரில் பட்டமும் சொத்தும் மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான். பெற்ற பிள்ளைக்குப் பாசத்தோடு சரி. அப்பியா பாசத்தையும் மருமகனுக்கே கொடுத்தார். மிஷன் பள்ளி, அப்புறம் கேப் கோஸ்ட்டில் கல்லூரி, எல்லாம் அவர் காட்டில் காய்த்த கொக்கோதான். செர்வாவுக்கு அவன் ஒரே பிள்ளை. பெண்வழியில் தழைக்கிற குலத்தில் தனக்கொரு பெண் பிறக்கவில்லையே என்று அவள் ஏங்கும்போதெல்லாம், "என் மருமகன் ஒருத்தன் போதும் உனக்கு" என்பார் அண்ணன்.

இதெல்லாம் துமாசிக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னித்துத் தொலைக்கலாம். மரம் எப்படியும் சாகப்போகிறது, கிழவர் வீம்பால் ஊரே அழியும், நான் காப்பாற்றத்தான் போகிறேன் என்று கார் அன்டோக்ரோம் போய்ச் சேரும்வரை தனக்குத்தானே ஓதிக்கொண்டு போனான். பின்னால் லாரியில் போலீஸ் வந்தது. பக்கத்து இருக்கையில் பென்ரோஸ் தொப்பியால் விசிறிக்கொண்டு வந்தார்.

ஊர் நடுவில் கூட்டம் கூடியிருந்தது. பெரிய குடைக்கடியில் நானா அப்பியா பீடத்தில் இருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு, தோளில் பட்டாடை, காலில் தங்கத்தகடு வைத்த மிதியடி. பக்கத்தில் அவர் வாயாக இருந்து பேசும் நியார்கோ, கையில் கோலோடு நின்றார். தலைவர் யாரோடும் நேரே பேசுவதில்லை. எல்லாம் நியார்கோ மூலம்தான். பெண்கள் வரிசையின் முதலில் செர்வா இருந்தாள். அவள்தான் அந்த ஊரின் பட்டத்துத் தாய். பீடத்தில் யாரை உட்காரவைப்பது என்று சொல்லும் உரிமை அவளுடையது.

நியார்கோ தொண்டையைக் கனைத்தார். "நானா கேக்கறாரு, வந்திருக்கறது மருமகனா, உதவித் துரையா? மருமகன்னா கள்ளு குடுக்கணும், உதவித் துரைன்னா நாற்காலி குடுக்கணும். ரெண்டுல எதை எடுத்துட்டு வரச் சொல்லட்டும்?"

கூட்டம் சிரித்தது. அப்பியாவும் சிரித்தார்.

"மருமகன்தான்னு சொல்லுங்க" என்றான் துமாசி. "மாமாவைக் கும்பிட்டுட்டுப் போக வந்தேன்."

தலைவரை வணங்கப் போகிறவன் செருப்பைக் கழற்ற வேண்டும். துமாசி குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தான். பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி கத்தினாள், "அந்தச் சாக்கையும் கழட்டு ராசா, பாவம் காலு அவிஞ்சுபோயிருக்கும்!" சிரிப்பு அலையாக எழுந்தது. செர்வாகூட வாயைத் துணியால் மூடிக்கொண்டாள். மகன் வெகுநாள் கழித்து முறையோடு வந்திருக்கிறான் என்ற சந்தோஷம் அவளுக்கு.

காலுறையோடு நடந்து வந்து மாமாவின் முன் மண்டியிட்டான். அப்பியா அவன் தலையில் கை வைத்தார். ஆசீர்வாதம் சொல்ல நியார்கோ வாயெடுத்தபோது துமாசி இரண்டு மிதியடிகளையும் பற்றி உருவினான், காலடியில் கிடந்த ஆட்டுத்தோல் விரிப்பையும் சேர்த்து இழுத்துவிட்டான்.

கிழவரின் கால்கள் தாமாக மேலே எழும்பின. மிதியடி சுமப்பவர் பாய்ந்து வந்தார், போலீஸ்காரர்கள் குறுக்கே தடியை நீட்டினார்கள். நியார்கோ கோலை உயர்த்தினார். அதையும் பிடுங்கிவிட்டார்கள். எல்லோரும் அந்த இரண்டு பாதங்களைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் மண் படாத பாதங்கள், குழந்தைக்கு இருப்பதுபோல் மெத்தென்று வெளுத்து, அந்தரத்தில் நின்றன. பீடத்தின் இரு ஓரத்தையும் கையால் இறுக்கிக்கொண்டு அப்பியா அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்தார். முழங்கால் நடுங்க ஆரம்பித்தது.

காரிலிருந்து பென்ரோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன துமாசி, சர்க்கஸா காட்டறீங்க? சீக்கிரம் முடிங்கய்யா."

"கீழ வைங்க மாமா" என்றான் துமாசி மெதுவாக. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மரம் எப்படியும் செத்துடும்."

அப்பியா முதல்முறையாக நியார்கோ இல்லாமல் ஊர் நடுவில் பேசினார். "என் உசுரு எங்க இருக்குன்னு உனக்கு மட்டும்தானேடா சொன்னேன்." மூச்சு வாங்கியது. "தானா இறங்காது மருமகனே. நீயே இறக்கிடு."

துமாசி இறக்கினான். இரண்டு முழங்காலிலும் கை வைத்து அழுத்தினான். பாதம் மண்ணில் பட்டது. கொஞ்சம் புழுதி எழுந்து அடங்கியது. குடை பிடித்திருந்தவர் அழுதுகொண்டே குடையை மடக்கினார். செர்வா எழுந்து நின்றவள், மகனைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.

முறை தவறித்தான் நடந்தது. ஆனால் குடும்பத்து ரத்தம் தொட்டு இறக்கிய பாதம், பட்டது பட்டதுதான். அதைத் துடைக்க ஊரிடம் மருந்தில்லை. பீடம் இழந்தவர் ஊருக்குள் தங்கக் கூடாது. அப்பியா அன்றே வெறுங்காலோடு கொக்கோக் காட்டுக் குடிசைக்குப் போனார். நடந்து பழகாத பாதம் கல்லிலும் வேரிலும் கிழிந்தது. புண் புரையோடிக் காய்ச்சல் கண்டு, அடுத்த மழைக்குள் செத்தும் போனார். பீடமிழந்தவருக்கு முரசு கிடையாது, முன்னோர் படுத்திருக்கும் காட்டில் இடமும் கிடையாது. யாரோ வழிப்போக்கனைப் புதைப்பதுபோல் காட்டோரமாகப் புதைத்தார்கள். வாய்விட்டு ஒப்பாரி வைக்கக்கூட செர்வாவுக்கு உரிமை இல்லை. அவள் தலையை மழித்துக்கொண்டு வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள்.

துமாசிக்கு அக்ராவிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. நிரந்தர உதவி ஜில்லா துரை. சந்தோஷத்தில் புதுக் காலுறை வாங்கினான். இனியாவது மேட்டிலுள்ள கிளப்பில் தன்னைச் சேர்ப்பார்கள் என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தான். "நாங்கல்லாம் ரெடிதான், பொம்பளைங்கதான் சங்கடப்படறாங்க" என்று பென்ரோஸ் தோளைத் தட்டிவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார். வாசலில் காரோடு நின்ற துமாசியின் முகம் எப்படி இருந்தது என்று அவன் கார் டிரைவரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்குள் புதுச் சிக்கல் வந்தது. அன்டோக்ரோமில் இப்போது தலைவரே இல்லை, தண்டோரா போட ஆள் இல்லை. பட்டத்துத் தாய் பேர் சொன்னால்தான் புதுத் தலைவர். அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள் நியார்கோ கோலோடு ஜில்லா ஆபீசுக்கு வந்தார். துமாசியின் முகத்தைப் பார்க்காமல் பென்ரோஸிடம் சொன்னார்:

"பட்டத்துத் தாய் பேர் சொல்லிட்டாங்க. பீடத்துக்கு அடுத்த உரிமை செத்தவரோட மருமகனுக்குத்தான். துமாசி."

பென்ரோஸுக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்! படிச்ச தலைவர், இங்கிலீஷ் பேசற தலைவர். சீர்திருத்தம்னு நாம சொல்றதே இதைத்தானே."

"அப்போ என் வேலை சார்?"

"ரெண்டு நாற்காலியில ஒருத்தன் எப்படிய்யா உக்காருவான்? ராஜினாமா பண்ணிடு. உன் இடத்துக்குக் கடற்கரைப் பக்கத்து ஃபான்டி ஜாதிப் பையன் ஒருத்தன் தயாரா இருக்கான். யோசிச்சுப் பாரு, இங்க நீ எனக்கு உதவி. அங்க நீ ராஜா."

மேட்டிலிருந்து கறுப்புக் குடித்தனம் போய்விட்டால் கிளப்புச் சீமாட்டிகளின் முணுமுணுப்பும் ஓயும், மரமும் வெட்டப்படும். பென்ரோஸுக்கு இரட்டை லாபம். துமாசி ஒரு வாரம் யோசித்தான். பங்களாவில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் வந்ததில்லை. அங்கேயோ குடை, பல்லக்கு, பட்டாடை. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா பேர் சொல்லியிருக்கிறாள். மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அதை நினைத்ததும் அப்போதே அம்மாவிடம் ஓட வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. அதில் பொய் இல்லை, அவனும் பெற்றவளுக்குப் பிள்ளைதான். ராஜினாமா கொடுத்துவிட்டான்.

செர்வா அவனைத் தன் வீட்டில் உட்காரவைத்து, பனை எண்ணெயில் மசித்த கிழங்கும் அவித்த முட்டையும் தன் கையாலேயே ஊட்டினாள். சுத்தி செய்யும் சாப்பாடு அது. அவள் மழித்த தலையில் முடி இன்னும் முளைக்கவில்லை.

"அரசாங்க வேலையை விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்மா."

"திரும்பப் போகலாம்னு இருக்கியா?"

"எப்படிம்மா போறது? வேற ஆள் வந்து உக்காந்தாச்சு."

"பங்களா?"

"சாவியக் குடுத்துட்டேன்."

"நல்லது" என்றாள் செர்வா. "இன்னொரு வாய் வாங்கிக்க."

அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுபாட்டுக்கு அவன் கையில் கிடந்தது.

பட்டம் கட்டும் நாளில் பென்ரோஸ் வெள்ளை உடுப்போடு வந்திருந்தார். துமாசியை வெள்ளைக் களிமண் பூசி, பட்டாடை சுற்றி, பீடத்தில் தொட்டு எடுத்துத் தொட்டு எடுத்து உட்காரவைத்தார்கள். ஊர் கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்வேன், ஊர்ச் சொல்லைத் தட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தான். முரசு அதிர்ந்தது. செர்வா தான் கொண்டுவந்த புதுமிதியடியைத் தானே அவன் காலில் மாட்டினாள். காலுறை இல்லாத அவன் பாதத்தை ஊர் அன்றுதான் பார்த்தது. பென்ரோஸ் எழுந்து, அரசாங்கமும் ஜனங்களும் இனி கைகோத்து நடக்கப்போவதாக நீளமாகப் பேசிவிட்டு, "திங்கட்கிழமை தண்டோரா, மறந்துடாதே" என்று அவன் காதில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். போலீஸ் லாரியும் பின்னாலேயே போயிற்று.

புழுதி அடங்கும்வரை யாரும் அசையவில்லை. அப்புறம் முரசு நின்றது.

நியார்கோ பீடத்துக்கு முன்னால் வந்து நின்று, ஊரைப் பார்த்துத் திரும்பினார். "நானா துமாசிமேல ஒரு குத்தம் இருக்குன்னு பட்டத்துத் தாய் சொல்றாங்க. பெரியவங்க கேக்கணும். நானாவும் பதில் சொல்லலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு."

"இப்பவா? இன்னிக்கா?" என்றான் துமாசி.

செர்வா எழுந்து வந்தாள். குரல் உயரவில்லை. "உங்க மாமா மிதியடியைத் தொடறதுக்கு முன்னாடி பெரியவங்களைக் கூப்பிட்டியா?"

"அம்மா, துரை வந்து..."

"துரையைப் பத்திக் கேக்கல. கூப்பிட்டியா?"

"இல்ல."

"இன்னது குத்தம்னு அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அவர் என்ன சொல்றாருன்னு கேட்டியா?"

அவன் தன் புது மிதியடியைப் பார்த்தான். "உன்னை நாங்க கேட்டுட்டோம்" என்றாள் அவள். "உனக்கு ஒரு குறையும் வைக்கல." பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தலையாக ஆடியது.

அவள் மண்டியிட்டாள். சின்ன வயசில் சேற்றுக் காலோடு வந்தவனுக்குச் செய்ததுபோல, ஒவ்வொரு காலாகப் பிடித்து மிதியடியை நிதானமாகக் கழற்றினாள். விரிப்பை உருவினாள். துமாசியின் கால்கள் மேலே போயின. "போலீஸ்!" என்று கத்தினான். யாரும் அவன் வாயைப் பொத்தவில்லை. கேட்பதற்கு அங்கே போலீஸ் இல்லை.

செர்வா அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஊரும் உட்கார்ந்தது. ஒருத்தி மூட்டையைப் பிரித்து வறுத்த வாழைக்காயை எடுத்துப் பக்கத்திலிருந்தவளுக்கும் கொடுத்தாள். யாருக்கும் அவசரம் இல்லை.

"அம்மா, நான் எங்க போவேன்? அங்கயும் விட்டுட்டேன், இங்கயும்..." தொடை நடுங்கியது, பட்டாடை நழுவியது. "மரத்தை வெட்ட விடமாட்டேன். சத்தியமா. தண்டோரா போடமாட்டேன்."

"மரத்தை அவன் எப்படியும் வெட்டுவான். அது அவன் பாவம்" என்றாள் செர்வா. "இது நம்ம வீட்டுப் பாவம்."

அப்பியா தாங்கிய அளவுகூட அவனால் தாங்க முடியவில்லை. பாதம் ஒரு விரல் இறங்கியது, உதறி மேலே தூக்கினான், மறுபடி இறங்கியது. முகத்தில் பூசிய வெள்ளைக் களிமண் வியர்வையில் கோடு கோடாக வழிந்தது. பெற்றவளைக் கெஞ்சினான். "முடியலம்மா. நீயே இறக்கிடும்மா. ஒரு கை வை."

செர்வா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"என் அண்ணனுக்குக் கால் இறக்க ஒரு மருமகன் இருந்தான்" என்றாள். "உனக்கு நான் ஒரு தங்கச்சி பெத்துக் குடுக்கலையே ராசா. நீயேதான் இறக்கிக்கணும்."

அவன் இறக்கினான்.